ஆண் கை படாத தண்ணீர்

பெயர்: டிசேபோ பாகோவே. வயது: ஐம்பத்து நான்கு. கணவர்: காலஞ்சென்ற லெஹானா பாகோவே. தொழில்: சொந்தக் கடை. முகவரி: தபோங் குடியிருப்பு, வெல்கோம், ஃப்ரீ ஸ்டேட் மாகாணம்.

மேற்கண்ட முகவரியில் வசிக்கும் நான், போர்ட் செயின்ட் ஜான்ஸிலிருந்து உம்தாதா போகும் சாலையில் உள்ள இந்தக் காவல் நிலையத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸி வேன் பிடித்து நானாகவே வந்தேன். யாரும் என்னை அழைத்து வரவில்லை, மிரட்டவும் இல்லை. சார்ஜெண்ட் பேசும் மொழி எனக்குப் புரியும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதியது பின்வருமாறு.

எங்கள் ஊர் டாக்ஸி நிலையத்துக்கு எதிரே எனக்கு ஒரு கடை இருக்கிறது. மெழுகுவர்த்தி, மூக்குப்பொடி, வெள்ளைத் துணி, பாசிமணி, உலர்ந்த வேர்கள் என்று நாட்டு வைத்தியம் பார்க்கும் பெண்களுக்கு வேண்டியதை விற்கிறேன். அதற்கு முன் அதே இடத்தில் சாலையோரம் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, தகரத்தில் சோளம் சுட்டு விற்றேன். என் தொழிலில் சரக்கு பாதி, சொல் பாதி. எது எதற்கு ஆகும், எதை எப்போது தொடக்கூடாது என்று நான் சொன்னால் எங்கள் தெருவில் மறுபேச்சு இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

எங்கள் தெருப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து டிசம்பரில் ஒரு பயணம் போவது உண்டு. இந்த ஆண்டு ஒரு பயண நிறுவனத்தின் வழியாகக் கடற்கரைப் பயணம் ஏற்பாடானது. வேன், அதன் பின்னால் கோத்த டிரெய்லர், ஓட்டுநர், வழிகாட்டி எல்லாம் அவர்களுடையது. ஓட்டுநர் மோகெதி செலெபலோ எங்கள் ஊர்ப் பையன், முப்பது வயதுக்குள் இருக்கும். அவன் அம்மா என் கடையில்தான் மெழுகுவர்த்தி வாங்குவார். வழிகாட்டி ஸோலானி மபாண்ட்லா இந்தக் கடற்கரைக்காரர். பெண்களுக்குத் தலைவி மா-துமேலோ. மூத்த மகன் துமேலோ என்பதால் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஈஸ்ட் லண்டன் நகரில் கடலைப் பார்த்தபின் கரையோரமாக மேலே வந்தோம். காஃபி பே அருகே நடுவில் துளை விழுந்து கடலுக்குள் நிற்கும் பெரிய பாறையைக் காட்டினார்கள். அந்தத் துளை வழியாகப் பார்த்தால் செத்துப்போனவர்கள் தெரிவார்கள் என்று வழிகாட்டி சொன்னார். "அப்ப எங்க மாமியாரும் தெரிவாங்களா?" என்று மா-துமேலோ கேட்டார். தெரிவார் என்று அவர் சொன்னதும், "சரி, நான் வண்டியிலயே இருக்கேன்" என்று திரும்பிவிட்டார். மணலில் மாடுகள் படுத்திருந்தன. நம்ம ஊர் மாடெல்லாம் வேலைக்குப் போகுது, இந்த ஊர் மாடு லீவு போட்டுட்டு வந்து படுத்திருக்கு என்று யாரோ சொல்ல, "அது எங்க தாத்தாமாருங்க மாடு, மரியாதையாப் பேசுங்க" என்றார் வழிகாட்டி. அதுவரை எந்தக் குறையும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதன் பின்னர் கடைசி நிறுத்தமான போர்ட் செயின்ட் ஜான்ஸுக்கு வந்து தங்கினோம். உள்நாட்டிலிருந்து கடலுக்கு வருகிறவர்கள் தண்ணீர் எடுக்காமல் திரும்ப மாட்டார்கள். முதலில் ஒரு வெள்ளிக் காசைக் கடலில் போட்டுவிட்டு நிரப்ப வேண்டும். வீட்டு மூலைகளில் தெளிக்க, வயிறு சுத்தம் செய்ய, கடை வாசலில் ஊற்ற என்று ஆளுக்கொரு தேவை. வர முடியாதவர்கள் எல்லாம் வருகிறவர்களிடம் சொல்லிவிடுவார்கள். வழிகாட்டிக்கு இது தெரியும். அன்று சாப்பாட்டு நேரத்தில் அவர் எழுந்து, "அம்மாக்களே, இது வேனு, லாரி இல்ல. ஆளுக்கு ஒரு அஞ்சு லிட்டர் கேன், அவ்வளவுதான்" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன்.

நான் ஊரிலிருந்து கிளம்பும்போதே வைத்தியப் பெண்கள் பலருக்குத் தண்ணீர் கொண்டு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் சந்தைக்குப் பின்னால் காலி எண்ணெய்க் கேன் விற்கிறவரிடம் இருபது லிட்டர் கேன்கள் முப்பது வாங்கினேன். மீன் கடைக்குப் பக்கத்தில் தன் சின்ன லாரியோடு நிற்கும் லுண்டி என்பவரும் அவருடைய ஆட்கள் இருவரும் அவற்றைக் கடலில் நிரப்பி, மூடி இறுக்கி, லாரியில் ஏற்றி, நாங்கள் தங்கிய இடத்துக்குக் கொண்டுவந்து, டிரெய்லரில் அடுக்கினார்கள். மூன்று பேரும் ஆண்கள். இதை நன்றாக எழுதிக்கொள்ளும்படி சார்ஜெண்டைக் கேட்டுக்கொண்டேன். லுண்டியை விசாரிக்கலாம், அவர் மறைக்க மாட்டார்.

அதன் பின்னர் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த வெள்ளைத் துணியைக் கிழித்து ஒவ்வொரு கேனிலும் சுற்றி, சிவப்பு நூலால் கட்டினேன். வெள்ளைத் துணி சுற்றிய பொருளை எங்கள் பக்கத்தில் யாரும் அவிழ்த்துப் பார்க்க மாட்டார்கள் என்பது நான் தொழிலில் கற்றது. மேலே தார்ப்பாயை இழுத்து மூடினேன்.

அந்த நேரத்தில் ஓட்டுநர் மோகெதி தேநீர்க் குவளையோடு வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னம்மா இது, பொண்ணு வீட்டுச் சீர் மாதிரி கட்டி வச்சிருக்கீங்க?"

"வைத்தியக்காரம்மாங்களோட தண்ணிடா. தொடாத."

"தொடாம எப்படிம்மா? ஏத்தினதை நான் பார்க்கணுமில்ல. கயிறு போடணும், பாரம் சமமா இருக்கான்னு பார்க்கணும்."

"கயிறு நாங்க பொம்பளைங்க போட்டுக்கறோம். ஆம்பளை கை பட்டா அந்தத் தண்ணி செத்துடும். வாங்கினவங்க வீட்டுக்கும் ஆகாது, தொட்டவனுக்கும் ஆகாது."

நீட்டிய கையை அவன் இழுத்துக்கொண்டு காற்சட்டையில் துடைத்தான். எதிலும் கை படவில்லை, இருந்தாலும் துடைத்தான்.

வழிகாட்டி ஸோலானியும் அங்கே வந்தார். "எங்க பக்கம் அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதே" என்றார். "அது உங்க பக்கம். எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்கு என்ன தெரியும்? பெரியவங்க சொல்றாங்க, விடுங்க" என்று மோகெதி எனக்காகப் பேசினான். அந்த வழக்கத்தை அவன் அதற்கு முன் கேள்விப்பட்டிருக்க முடியாது. அது எங்கள் பக்கத்திலும் கிடையாது. தார்ப்பாய் தூக்கப்பட்ட அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்தது அது. வழிகாட்டி அது எங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டார். ஓட்டுநர் தனக்குத் தெரியாமல் போன தன் ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

வழிகாட்டி மட்டும் சிரித்துக்கொண்டே ஒரு கேனின் மேல் உள்ளங்கையை வைத்து, "செத்துடுச்சா, உயிரோட இருக்கா?" என்றார். "கையை எடுய்யா. நீ தொட்டதை எவ குடிப்பா?" என்று மா-துமேலோ அதட்டினார். எல்லோரும் சிரித்தோம்.

அதன் பின்னர் மோகெதி என்னிடம் தனியாக, "முழுக்க நிரப்பியிருக்கா, பாதியாம்மா?" என்று கேட்டான். பாதிதான் என்று சொன்னேன். முழுக்க நிரம்பியிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, கடல் தண்ணீர் அதைவிடச் சற்று கூடுதல் என்பது எனக்குத் தெரியாத கணக்கு இல்லை. ஆனால் தண்ணீரைப் பாரம் என்று நினைக்க எங்களுக்கு மனம் வருவதில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நான் சொன்னதைக் கேட்ட மற்ற பெண்கள் மீதித் துணியை என்னிடம் கேட்டார்கள். கொடுத்தேன். அவரவர் கூடுதலாக நிரப்பி வைத்திருந்த கேன்களையும் வெள்ளைத் துணியில் சுற்றி டிரெய்லரில் வைத்தார்கள். யார் எத்தனை வைத்தார்கள் என்று சார்ஜெண்ட் கேட்டார். என்னுடையதை நான் சொல்லிவிட்டேன், அவர்களுடையதை அவர்கள் சொல்லட்டும்.

அதன் பின்னர் கிளம்பினோம். வளைவுகளில் டிரெய்லர் வேனைப் பின்னாலிருந்து இழுப்பது கடைசி இருக்கையில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது. சாலை ஏறி, ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் சரிவுக்கு முன் மோகெதி வண்டியை ஓரமாக நிறுத்தினான். பிரேக் கருகும் வாசனை வந்தது. அவன் இறங்கிச் சக்கரத்தின் பக்கத்தில் குந்திப் பார்த்துவிட்டு, "இந்தப் பாரத்தோட கீழ இறங்க முடியாது. கொஞ்சம் இறக்கி வைக்கணும்" என்றான். பாதியை இங்கே விட்டுவிட்டால் தன் மச்சான் லாரியில் வந்து எடுத்துக்கொள்வான், அங்கிருந்து ஊருக்கு அனுப்பலாம் என்று வழிகாட்டியும் சொன்னார்.

"யாரு இறக்கறது?" என்று நான் கேட்டேன்.

"நீங்க சொல்லுங்கம்மா. நாங்க ரெண்டு பேரும் இறக்கிடறோம்."

"காலையில என்ன சொன்னேன்?"

"அப்ப நீங்களே கொஞ்சம் கை கொடுங்க."

"இந்த வெயில்லயா? முட்டி வலிக்காரிங்களை வச்சுக்கிட்டு நான் இறக்கணுமா?"

மா-துமேலோ ஜன்னல் வழியாக, "ஓட்டத் தெரியாதவன் தண்ணி மேல பழி போடறான்" என்றார். மோகெதி மறுபடி சக்கரத்தின் பக்கம் போனான். பிரேக் ஆறும்வரை நின்றான். அதன் பின்னர் எல்லோரையும் பெல்ட் போடச் சொல்லிவிட்டு, சின்ன கியரில் மெதுவாகத்தான் இறங்கினான். அவன் வேகமாக ஓட்டினான் என்று மற்றவர்கள் சொன்னதாக சார்ஜெண்ட் படித்துக் காட்டினார். அது உண்மையல்ல. வேகம் பின்னாலிருந்து வந்தது.

பாதிச் சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. இடது பக்கம் மலையை வெட்டிய மண்சுவர், வலது பக்கம் பள்ளம். மோகெதி வேனை மண்சுவரில் உரசி நிறுத்தினான். வேன் நின்றது. டிரெய்லர் கொக்கியிலிருந்து பிய்த்துக்கொண்டு, குறுக்காகக் கவிழ்ந்து, சாலையோரம் இருந்த கடைக்குள் போனது.

கடை என்றால் நான்கு கழி, மேலே பிளாஸ்டிக் விரிப்பு, குவித்த அன்னாசி, தகரத்தில் சுட்டுக்கொண்டிருந்த சோளம். அதை நடத்திய பெண்ணின் பெயர் நொசகேலே என்று பின்னால் தெரிந்தது. அவர் உட்கார்ந்திருந்த பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அவர் இடுப்புக்குக் கீழே, கால்களின் மேல், என் கேன்கள் கிடந்தன.

கதவுக்குப் பக்கத்து இருக்கை என்பதால் முதலில் இறங்கியது நான். அதற்குள் மோகெதி நெற்றியில் இரத்தத்தோடு என்னைத் தாண்டி ஓடினான். அந்தப் பெண்ணின் பக்கத்தில் முட்டி போட்டு, மேல் கேனைத் தூக்க இரண்டு கையையும் நீட்டியவன், நீட்டியபடியே நின்று, திரும்பி என்னைப் பார்த்தான்.

"தூக்கலாமாம்மா?"

தூக்குடா என்று நான் சொன்ன பிறகுதான் தூக்கினான்.

அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று சார்ஜெண்ட் கேட்டார். நான் கணக்கு வைக்கவில்லை. அந்தப் பெண் ஒரு முறை கத்தி, மறுபடி கத்துவதற்கு மூச்சு இழுத்த நேரம்.

அதன் பின்னர் மோகெதியும் வழிகாட்டியும் ஒவ்வொன்றாகத் தூக்கி வீசினார்கள். உடைந்த கேன்களிலிருந்து தண்ணீர் சரிவில் ஓடியது. சோளத்தகரத்தின் கீழ் இருந்த நெருப்பு அதில் அணைந்தது. நொசகேலே, "என்ன தண்ணி இது, இப்படி எரியுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவர் தலைக்குக் கீழே என் சால்வையை மடித்து வைத்தேன்.  ஆம்புலன்ஸ் வந்தது, காவலர்கள் வந்தார்கள், மோகெதியை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எங்கள் பெண்கள் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். யாருக்கும் பெரிய அடி இல்லை. அங்கே மா-துமேலோ, கேட்டால் ஆளுக்கு ஒரு அஞ்சு லிட்டர் என்று சொல்ல வேண்டும், மற்றது யாருடையது என்று நமக்குத் தெரியாது என்றார். "அந்தக் கைடு தொட்டான். நான் என் கண்ணால பார்த்தேன். அதான் இப்படி ஆச்சு" என்றும் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். இன்னொருத்தி தன் மாமியார் வீட்டில் இந்த வழக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிறது என்றாள். வேறொருத்தி அப்படித் தொட்டு ஒருவன் கண் போன கதையைச் சொன்னாள். காலையில் நான் சொன்ன வார்த்தைக்குச் சாயங்காலத்துக்குள் அத்தனை சாட்சி வந்துவிட்டது. "நீங்க சொன்னீங்க, அந்தக் கைடுதான் கேட்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

அந்த நேரத்தில் நொசகேலேயின் நாத்தனார் வந்தார். நசுங்காமல் தப்பிய அன்னாசிகளை ஒரு பையில் எடுத்து வந்திருந்தார். தூரத்திலிருந்து வந்தவர்கள் பட்டினியாக இருப்பீர்கள் என்று சொல்லி அவற்றை எங்களுக்கு நறுக்கிக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டோம். முழங்காலுக்குக் கீழே காலை வெட்டி எடுக்காமல் வைத்துக்கொள்ள முடியுமா என்று இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என டாக்டர் சொன்னதாக அவர்தான் எங்களிடம் சொன்னார்.

இன்று காலை வழிகாட்டி ஆஸ்பத்திரிக்கு வந்து, மோகெதி காவலர்களிடம் என்ன சொன்னான் என்பதைச் சொன்னார். ஆண் கை படக்கூடாது என்று ஒரு பெரியம்மா சொன்னார், அதனால் பாரத்தைச் சோதிக்கவில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். எழுதிய காவலர் சிரித்திருக்கிறார். தங்கள் கூடுதல் கேன்கள் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து, அப்படி யாரும் சொல்லிக் கேட்கவில்லை என்று எங்கள் மற்ற பெண்கள் எல்லோரும் காவலர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வழிகாட்டி தானும் அதைக் கேட்டதாகச் சொன்னதை, மோகெதியோடு வேலை பார்க்கிறவர் என்பதால் காவலர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, பொய் சொல்கிறான் என்று எழுதப்பட்டிருப்பவன் மோகெதி. அவனை உள்ளே வைப்பார்கள், உரிமமும் போகும் என்று வழிகாட்டி சொன்னார். பெரியம்மாவின் பெயரை அவன் சொன்னானா என்று கேட்டேன். சொல்லவில்லை என்றார். அதைக் கேட்டபின் நான் டாக்ஸி ஏறினேன்.

அவன் சொன்னது உண்மை. அந்தப் பெரியம்மா நான். கேன்கள் என்னுடையவை. பாதி என்று சொன்னதும், சரிவுக்கு முன் இறக்க விடாமல் தடுத்ததும் நான்.

இதைச் சொன்னால் என் மேல் வழக்கு வரலாம் என்று சார்ஜெண்ட் விளக்கினார். புரிந்தது என்றேன். வேறு என்ன நஷ்டம் என்று அவர் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆண் தொடக்கூடாது என்று நான் சொன்னது பொய் என்று இந்தக் காகிதம் நீதிமன்றத்தில் படிக்கப்பட்டால், அந்தச் செய்தி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். அதன் பின்னர் என் கடையில் மெழுகுவர்த்தி வெறும் மெழுகுவர்த்தி.

டிரெய்லரிலிருந்து விழுந்தவற்றில் உடையாத கேன்கள் இன்னும் அந்தச் சாலையோர வாய்க்காலில் கிடப்பதாக சார்ஜெண்ட் சொன்னார். பாரம் எவ்வளவு என்று நிரூபிக்க அவற்றை எடை போட வேண்டும். நேற்று அனுப்பிய காவலர்கள் கை வைக்காமல் திரும்பிவிட்டார்கள். இன்று அனுப்பியவர்களும் அப்படியே. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எங்கள் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது. மோகெதி சொன்னபோது சிரித்த காவலர் இப்போது கதவோரம் நிற்கிறார். அவர் கேட்டதையும் எழுதும்படி சொன்னேன்.

"நிஜமாவே தொடலாமாம்மா? வீட்டில கைக்குழந்தை இருக்கு, அதான்."

தொடலாம். எந்த ஆணும் தொடலாம். தொட்டால் எதுவும் ஆகாது, அது வெறும் கடல் தண்ணீர். லுண்டியின் ஆட்கள் தொட்டார்கள், மோகெதி தொட்டான். நடந்தது எதுவும் தொட்டதால் நடக்கவில்லை, தொடாததால் நடந்தது. இவ்வளவு சொன்ன பிறகும் அந்தக் காவலர் காலை மாற்றி நின்றாரே தவிர நகரவில்லை. ஆகவே இதில் கையெழுத்துப் போட்டதும் நானும் வண்டியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதல் கேனை நானே தூக்கி அவர் கையில் கொடுப்பேன். அதை அவர் எடை போடட்டும்.

மேலே எழுதியதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "அவர்கள் பக்கத்து வழக்கப்படி" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு "நான் சொன்ன பொய்யின்படி" என்று எழுதச் சொன்னேன். எழுதினார்கள். அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் ஒரு கையெழுத்தும், கீழே இன்னொன்றும் போட்டிருக்கிறேன். இதில் உள்ளது நான் கண்டதும் செய்ததும்தான். எதையும் கூட்டவில்லை, என் பங்கில் எதையும் குறைக்கவில்லை.

(ஒப்பம்)
டிசேபோ பாகோவே